ஓரத்துச் சிப்பாய்

தைமூரின் பெரிய சதுரங்கத்தில் ஆளுக்கு 11 சிப்பாய்கள். ஒவ்வொன்றும் பிறக்கும்போதே தன் கதி எழுதப்பட்டுப் பிறக்கிறது. குதிரையின் சிப்பாய் எதிர்க்கரை சேர்ந்தால் குதிரையாகும். தேரின் சிப்பாய் தேராகும். ராஜாவின் சிப்பாய் இளவரசனாகும். மாற்றிக் கேட்க வழியில்லை. இடது ஓரத்தில் நிற்கும் ஒன்றுக்கு மட்டும் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. அதற்குப் பெயரே சிப்பாயின் சிப்பாய். அது அடிமேல் அடி வைத்துக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தாலும் சிப்பாயாகவே நிற்கும். மறுபடி களத்தில் இறங்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். இரண்டாம் முறை சேர்ந்தால், ராஜாவின் சிப்பாய் ஆட்டத் தொடக்கத்தில் நின்ற கட்டத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். அங்கிருந்து மூன்றாவது நடை. அதையும் முடித்தால் ராஜாவாகிறது.

குமாரலிங்கபுரத்தில் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து இந்த விதியைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, ஏழாவது படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "ஏன் சார், இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவளைக் கூட்டிப்போக வந்து படியில் உட்கார்ந்திருந்த அப்பத்தா நான் வாய் திறக்கும் முன் பதில் சொல்லிவிட்டார். "போன பொறப்புல என்ன பண்ணுச்சோ, யாரு கண்டா. தலையெழுத்து தாயி. நடந்துதான் கழிக்கணும்."

அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த அம்மாளை மறுத்துப் பேச எனக்குத் தகுதியும் இல்லை. வாழ்நாள் முழுக்கச் சீமைக்கருவேலம் வெட்டி, கரிமூட்டத்தில் புகைக்குள் நின்றவர். அவர் பிறந்த ஊரில், அவர் சிறுமியாக இருந்த காலத்தில், அவருடைய தெருக்காரர்கள் கோயில் படியை மிதித்ததில்லை. தேர் வரும்போது தெருமுனையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்களாம். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து 'தலையெழுத்து' என்ற சொல் வரும்போது அதில் ஒரு வாழ்க்கையின் பாரம் இருக்கிறது. அதே சொல்லை அன்று கோயிலுக்குள் நின்றவர் சொல்லியிருந்தால்? என் யோசனையெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பிரதோஷத்துக்குத் திருவாசகம் படிப்பவன். எங்கள் பக்கம் முழுக்க மானாவாரி. கரிசல் காடு, ஐப்பசி மழை பெய்தால் கம்பும் உளுந்தும் மல்லியும், பெய்யாவிட்டால் கரிமூட்டமும் அருப்புக்கோட்டைத் தறியும். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதே பிள்ளைகளுக்கு ஆசை பற்றிக்கொண்டது. 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனதும் கோடை விடுமுறையில் மண்டபம் நிறைந்துவிட்டது. எட்டுக்கு எட்டு பழகிய பிள்ளைகளுக்குப் பெரிய பலகை ஒன்றைக் காட்டலாமென்று தோன்றியது. ஒரு கோடித் துணியை விரித்து, அகலத்தில் 11, நீளத்தில் 10 என்று கட்டம் போட்டேன். காய்களைத் தறிக்கட்டை பழுது பார்க்கும் ஓர் ஆசாரி உடைந்த தறி மரத்தில் கடைந்து கொடுத்தார்.

ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 110 கட்டங்கள். அவை போக, ஒவ்வொருவருக்கும் தன் இரண்டாவது வரிசையின் வலது கோடியில் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கட்டம், அதுதான் கோட்டை. ஆளுக்கு 28 காய். நாம் யானை என்று நேர்க்கோட்டில் ஓட்டுவதை இங்கே தேர் என்று வைத்துக்கொண்டேன், ஏனென்றால் இங்கே யானை தனியாக உண்டு. அது குறுக்காக இரண்டாவது கட்டத்துக்குத் தாவும், நடுவில் யார் நின்றாலும் கவலையில்லை. கோட்டை உடைக்கும் எந்திரம் ஒன்று, அது நேராக இரண்டு கட்டம் தாவும். ஒட்டகம் குதிரையைப்போலத்தான், ஆனால் இரண்டுக்குப் பதில் மூன்று கட்டம் போய் ஒன்று திரும்பும். ஒட்டகச்சிவிங்கிதான் பிள்ளைகளுக்குப் பிடித்தது: குறுக்கே ஒரு கட்டம் வைத்து, பிறகு நேராகக் குறைந்தது மூன்று கட்டம் போக வேண்டும், வழி அடைபட்டிருந்தால் நகர முடியாது. முன்காவல்காரன் குறுக்காகப் போவான், ஆனால் ஒரு கட்டத்தோடு நிற்க அவனுக்கு அனுமதியில்லை. ராஜாவுக்கு இருபுறமும் தளபதியும் மந்திரியும். ஒருவர் குறுக்கே ஒரு கட்டம், மற்றவர் நேரே ஒரு கட்டம். நம் காலத்து ராணியின் வீச்சு யாருக்கும் கிடையாது.

1370 முதல் 1405 வரை ஆண்ட தைமூர் சின்னப் பலகையை விட்டு இப்படிப்பட்ட பெரிய பலகையில் ஆடினான் என்று இப்னு அரப்ஷா எழுதியிருக்கிறார். டமாஸ்கஸிலிருந்து சிறுவனாகச் சிறைபிடிக்கப்பட்டுச் சமர்கண்டுக்குக் கொண்டுபோகப்பட்டவர் அவர். 1913இல் வெளிவந்த ஹெச்.ஜே.ஆர். மர்ரேயின் சதுரங்க வரலாற்றிலும் இதன் விதிகள் உண்டு. 1398இல் டெல்லியைச் சூறையாடியவன் விரும்பி ஆடிய ஆட்டத்தில் சிப்பாயின் சிப்பாய்க்கு இப்படி ஒரு வழி இருப்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

கரை சேர்ந்த சிப்பாய் என்ன ஆகலாம் என்பதில் எனக்குத் தெரிந்து மூன்று விதிகள் உண்டு. இன்றைய செஸ்ஸில் அது ராஜாவைத் தவிர என்ன வேண்டுமானாலும் ஆகலாம். எல்லாரும் ராணியைத்தான் எடுப்பார்கள். எங்கள் அப்பா காலத்து நாட்டு ஆட்டத்தில் அது எந்த வரிசையில் போய்ச் சேர்கிறதோ அந்த வரிசைக்குரிய காயாகும்: யானை வீட்டில் சேர்ந்தால் யானை, குதிரை வீட்டில் சேர்ந்தால் குதிரை. எங்கிருந்து புறப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. வழியில் ஒரு காயை வெட்டி அடுத்த வரிசைக்கு மாறியிருந்தால் அதன் கதியும் மாறியிருக்கும். தைமூரின் பலகையில் புறப்பட்ட இடம்தான் எல்லாம். விருப்பம், சேர்ந்த இடம், பிறந்த இடம் என்று மனிதனின் கதியைப் பற்றி உலகம் சொல்லிவந்த மூன்று பதில்களும் இங்கே இருக்கின்றன. சமயம் பேசுகிறவர்கள் மூன்றில் எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

பிறந்த இடம்தான் கதி என்பவர்கள் வினையைச் சாட்சிக்கு அழைப்பார்கள். எனக்கு வினையில் நம்பிக்கை உண்டு. செய்தது விளையும் என்பதை நான் விட்டதில்லை. ஆனால் அதை யார், யாரைப் பற்றி, எப்போது சொல்வது என்று ஒரு கேள்வி இருக்கிறது.

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி. 1879 டிசம்பர் 30இல் ரமணர் பிறந்த ஊர். பதினாறு வயதில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போனவரைத் திரும்ப அழைத்துவர 1898இல் தாயார் அழகம்மாள் போனார். பவழக்குன்றில் மகன் மௌனமாக இருந்தார். அம்மா நாள்தோறும் வந்து அழுது கேட்டார். சுற்றியிருந்தவர்கள் வற்புறுத்திய பிறகு மகன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவரவர் பிராரப்தப்படிதான் நடக்கும், முயன்றாலும் தடுத்தாலும் அது மாறாது, ஆகவே சும்மா இருப்பதே நல்லது என்பது அதன் சாரம். வினைக்கொள்கையை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் தலையெழுத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நான் நிறுத்துவதில்லை. அதே அம்மா 1916இல் மகனிடமே வந்து சேர்ந்தார். 1922 மே 19 அன்று அவர் உயிர் பிரிந்தது. அன்று முழுக்க ரமணர் ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார். அது உன் பிராரப்தம் என்று எழுந்து போகவில்லை. அந்த வினை அங்கேயே அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. தாயின் சமாதிமேல்தான் மாத்ருபூதேஸ்வரர் கோயில் நிற்கிறது. 1948இல் ஆசிரமத்துப் பசு லட்சுமி இறக்கும்போதும் அவர் அப்படியே பக்கத்தில் இருந்தார். பிராரப்தம் என்று எழுதிய கை, துன்பப்படுகிற உயிரின் முன் வந்தபோது என்ன செய்தது என்று பாருங்கள். தன்னை ஊருக்கு இழுக்காதே என்று சொல்வதற்குத்தான் அந்தக் கொள்கை பயன்பட்டது. இன்னொருவரின் வலியைப் பார்த்து விலகி நிற்க அது பயன்படவில்லை.

வினை என்பது என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளத் தகும். மழை தப்பிய வருஷம், பிள்ளை தவறிய வீடு, தீராத நோய் என்று தாங்க முடியாததைத் தாங்க அது ஒரு பிடி. அந்த அப்பத்தாவின் கையில் அது அப்படித்தான் இருந்தது. அடுத்தவரைப் பார்த்து 'உன் வினை' என்று சொன்ன அந்தக் கணமே அது சமயம் அல்லாத வேறொன்றாகிவிடுகிறது. கணக்கைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது அது. கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன்: வழிமுறை காட்டாமல் விடை எழுதினால் நான் மதிப்பெண் போட்டதில்லை.

சித்தாந்தத்துக்குப் போனால் விஷயம் இன்னும் தெளிவு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் தொடங்கிய மரபு, உயிர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஆணவம் மட்டும் உடையவர் விஞ்ஞானகலர். ஆணவமும் கன்மமும் உடையவர் பிரளயாகலர். ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களும் உடையவர் சகலர். மனிதராகப் பிறந்த நாம் எல்லாரும் சகலர். அர்ச்சகரும் சகலர், அறங்காவலரும் சகலர், கரிமூட்டத்தில் நிற்பவரும் சகலர். நமக்குள் இரண்டு மலத்தோடு பிறந்த உயர்ந்த பேர்வழி யாரும் கிடையாது. தைமூரின் பலகையில் சொன்னால், நம்மில் தேரின் சிப்பாயும் இல்லை, ராஜாவின் சிப்பாயும் இல்லை. எல்லாருமே ஓரத்துச் சிப்பாய்கள், எல்லாருக்கும் முழு நடை பாக்கி.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தைமூரின் ஆட்டம் அநியாயமா? இல்லை என்று ஒரு பையன் உடனே சொன்னான்: "ரெண்டு பக்கமும் ஒரு சிப்பாய்ச் சிப்பாய் இருக்குல்ல சார், அப்புறம் என்ன?" சரியான பதில்தான். ஆடுகிற இரண்டு பேருக்கும் அது நியாயம். ஆனால் காய்களுக்குள் நியாயம் இல்லை. ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் இரண்டு சிப்பாய்களில் ஒன்றுக்கு ஒரு நடை, ஒன்றுக்கு மூன்று. இதை நியாயம் என்று சொல்ல வேண்டுமானால் பலகைக்கு மேலே, ஆடுபவரின் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மரக்காய்க்கு வலி இல்லை என்பதால் ஆட்டத்தில் அது சரி. ஊர்முறையை, கோயில் முறையை இப்படி நியாயம் என்று பேசுகிறவர்கள் அறியாமலே ஆடுபவனின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அந்த இடம் இறைவனுடையது.

இறைவனே அந்த இடத்திலிருந்து இறங்கி வந்து ஆடியிருக்கிறான் என்கிறது ஒரு தலபுராணம். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் திருப்பூவனூர், அப்பர் பாடிய தலம். சுவாமி பெயர் சதுரங்க வல்லபநாதர். அம்பிகையே ராஜராஜேஸ்வரி என்ற பெயரில் ஓர் அரசனுக்கு மகளாக வளர்ந்தாள். சாமுண்டி வளர்ப்புத்தாய். சதுரங்கத்தில் அவளை வெல்ல யாரும் இல்லை. வெல்பவருக்கே மகள் என்று அரசன் சொல்லியிருந்தான். பூவனூருக்கு அவர்கள் வந்தபோது ஒரு வயோதிகர் வந்து ஆட உட்கார்ந்தார், வென்றார். பிறகுதான் அவர் யார் என்று தெரிந்தது.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது வெற்றி அல்ல. எல்லாம் வல்லவன் ஒரு பெண்ணின் எதிரே உட்கார்ந்து, அவளுக்கு உள்ள அதே நடைகளைத் தனக்கும் ஏற்றுக்கொண்டு ஆடினான். குதிரையை நேராக ஓட்டியிருந்தால் தடுப்பார் யார்? ஓட்டவில்லை. இருவருக்கும் பொதுவான விதியை இறைவன் மதிக்கிறான் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். வந்த கோலத்தையும் கவனியுங்கள். அரசனாக வரவில்லை, குலம் சொல்லி வரவில்லை. யாரென்று தெரியாத ஒரு கிழவராக வந்தார். ஆட உட்காரும் முன் நீர் யார் என்று அங்கே கேட்டிருந்தால் அந்தக் கல்யாணமே நடந்திராது.

ஒருவருக்கு மட்டும் பூட்டப்பட்ட வாசலை அதே இறைவன் என்ன செய்தான்? சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இரண்டு பதில் இருக்கிறது. திருநாளைப்போவாருக்குத் திருப்புன்கூரில் நந்தி விலகிற்று. தில்லையிலோ அவர் தீயில் இறங்கி வேறு கோலத்தோடு எழுந்த பிறகே உள்ளே போனார். அங்கே ஆளை மாற்றினார்கள், வாசல் அப்படியே இருந்தது. பக்தியோடு படிக்கும் எனக்கும் அந்த இடம் நெஞ்சில் முள். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கதை வேறு. மதுரையில் சுவாமியே அடியார்களுக்குச் சொல்லி அவரை உள்ளே அழைத்துவரச் செய்தார். ஈரம் பட்டு யாழின் நரம்பு தளரக் கூடாதென்று பலகையிடச் சொன்னார். திருவாரூரில் அவருக்காக வடக்கே ஒரு வாசலையே திறந்தார். பாணர் பாணராகவே போனார், யாழோடு போனார். எனக்கு வழிகாட்டி இந்தக் கதைதான்.

எங்கள் பக்கத்து வாசல்களுக்கும் வரலாறு இருக்கிறது. கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். விவேகானந்தர் சிகாகோ போகத் துணைநின்ற அதே சேதுபதிதான். நல்ல மனிதர் கையிலும் பழைய விதி பழைய வேலையைத்தான் செய்யும். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908இல் நுழைந்தவர்களுக்கு எதிராகவே முடிந்தது. வழக்கம் அப்படித்தான் என்பதே அந்தத் தீர்ப்பின் பலம். 31 வருஷம் கழித்து, 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அரிசன அன்பர்களையும் நாடார் அன்பரையும் அழைத்துப் போனார். 1908இல் உறுதியாக இருந்த விதி 1939இல் ஆட்டம் கண்டது, 1947இல் சட்டத்தாலேயே நீங்கியது. இறைவன் எழுதிய விதியாக இருந்தால் சென்னைச் சட்டசபையால் அதை அழித்திருக்க முடியாது.

தைமூரின் ஆட்டத்தில் கோட்டைக் கட்டத்துக்கு ஒரு விதி உண்டு. எதிரி ராஜா உன் கோட்டைக்குள் புகுந்துவிட்டால் ஆட்டம் சமன், நீ வெல்ல முடியாது. அவன் புகாமல் தடுக்க உன் கோட்டையில் நீ ஒருவரை உட்கார வைக்கலாம். யாரை? பிறவி ராஜாவுக்குத் தன் கோட்டைக்குள் அனுமதி இல்லை. இளவரசனுக்கும் இல்லை. மூன்று நடை நடந்து ராஜாவான அந்த ஓரத்துச் சிப்பாய் ஒன்றுக்குத்தான் அந்தக் கட்டம். இதைச் சொன்னதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் இந்த முடிவைக் காட்டி அந்த மூன்று நடையை நியாயப்படுத்த நான் ஒப்பமாட்டேன். பலகையில் மூன்றாம் நடையின் முடிவில் ராஜா பட்டம் உண்டென்று முன்பே எழுதியிருக்கிறது. கரிமூட்டத்தில் நிற்பவருக்கு அப்படி எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை. அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று சொல்லி இந்தப் பிறவியின் கதவைச் சாத்துகிற உரிமையும் யாருக்கும் இல்லை.

இப்போது எங்கள் மண்டபத்தில் பிள்ளைகள் மூன்று விதியிலும் ஆடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நாட்டு ஆட்டத்து விதிதான் பிடிக்கிறது: எங்கே போய்ச் சேர்கிறோமோ அதுவாக ஆவது. எனக்கும் அதுதான்.

கோயில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், யார் உள்ளே வரலாம் என்ற சண்டையில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைக்க வேண்டி வந்தது. அம்மனுக்கு விளக்கில்லாமல் போனது. உங்கள் ஊரிலும் தெருமுனையோடு நின்று கும்பிட்டுத் திரும்புகிற குடும்பம் ஒன்று இருந்தால், அடுத்த கொடைக்கு முன் நீங்களே அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய் அழையுங்கள். வழக்கம் இடம் கொடுக்காது என்று யாராவது சொன்னால், ஆலயப் பிரவேசச் சட்டம் 1947ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.